அவர் கை பட்ட வீடுகள்

அத்தியாயம் 6

ஸ்பேனர் இறந்து இருபத்து நாலு நாள் ஆகிறது. ஆரம்பத்திலிருந்து இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். இந்த வாரம்தான் உள்ளே வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வரி.

அச்சகத்தில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்ற மனிதர். வயது அறுபத்தாறு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. தன் கல்யாண வரவேற்பில் ஜெனரேட்டர் நின்றுபோக, மேடையை விட்டு இறங்கி, யாரிடமோ ஒரு ஸ்பேனரைக் கடன் வாங்கி, அதைச் சரிசெய்துவிட்டு, அதே கையோடு வந்து மணப்பெண்ணின் தோளில் கை போட்டுப் படத்துக்கு நின்றார். முப்பத்தைந்து வருடமாக அந்தப் படத்தில் இந்த வீட்டு அம்மாவின் தோளில் நாலு கறுப்பு விரல் தடம் இருக்கிறது. பெயர் அன்றைக்கு ஒட்டியது.

அதன் பிறகு தெருவில் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். கூலி கிடையாது. "மிச்சம் மீதி திருகாணி இருந்தா குடுங்க" என்று மட்டும் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், வாஷ்பேசினைப் பிடித்தபடியே சரிந்தார்.

இரண்டு வரி என்று சொல்லிவிட்டு நீட்டிவிட்டேன். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகிறது.

போன வாரம் நாம் விட்ட இடம்: செவ்வாய்க்கிழமை மாலை மகள் ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டாள். எதிர்ச் சுவரில் போய் விழுந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் அந்த மெஷினுக்கு ஒயர் மாற்றியவர் அவளுடைய அப்பா.

இன்று புதன்கிழமை.

*

காலை ஏழு மணிக்கே சித்தப்பா வந்துவிட்டார். ஸ்பேனரின் தம்பி. ஒரு தியேட்டரில் எலக்ட்ரீஷியன். லைசென்ஸ் வைத்திருக்கும் தம்பி இருக்க, தெருவே லைசென்ஸ் இல்லாத அண்ணனைத்தான் கூப்பிடும். அதில் அவருக்கு ஒரு குறை எப்போதும் உண்டு. புது இடத்தில் "நான் ஸ்பேனரோட தம்பி" என்று சொன்ன பிறகுதான் எதிரே இருப்பவரின் முகம் மலரும்.

மெஷினின் பின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன சித்தப்பா?"

"நீயே பாரு பாப்பா."

பாப்பாவுக்கு முப்பத்தொரு வயது. கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பார்வை அளந்து எழுதுவது அவள் வேலை. முழங்கையில் கட்டோடு குனிந்து பார்த்தாள்.

கரண்ட் வரும் ஒயரின் இழைகளில் பாதிதான் திருகாணிக்குள் இருந்தது. மீதி பாதி பிரிந்து வெளியே நீட்டிக்கொண்டு, மெஷினின் தகர உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பச்சை எர்த் ஒயர் எதிலும் சேராமல் சும்மா தொங்கியது. டேப் சுற்றவே இல்லை.

"இது அப்பா செஞ்சது இல்ல."

"வேற யாரு செஞ்சா?"

அப்பா டேப் சுற்றுவதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். மூன்று சுற்று. முதல் சுற்று ஒயருக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது தெரியாமல் தொடுகிற கைக்கு என்பார். மூன்றாவது சுற்றை இழுக்கும்போது நாக்கை லேசாகக் கடித்துக்கொள்வார்.

"கால்ல செருப்பு போட்டிருந்தியா?" என்றார் சித்தப்பா.

"போட்டிருந்தேன்."

"அதான் பொழச்ச."

சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து உடைந்ததில் அவளுக்கு வலது கால் ஒரு விரற்கடை குட்டை. வருடா வருடம் பழைய டயரை அறுத்து அவள் செருப்புக்கு அப்பா அடி வைத்துத் தைப்பார். கடைச் செருப்பு எதையும் அவள் அப்படியே போட்டதில்லை. அவளைத் தூக்கி எறிந்த ஒயரும் அவர் கட்டியது, அவளைக் காப்பாற்றிய ரப்பரும் அவர் அறுத்தது. அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது.

"அம்மா, அப்பா கடைசியா எங்கெங்க வேலைக்குப் போனாரு?"

சமையலறை வாசலில் நின்ற அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். கை காய்ந்துதான் இருந்தது.

"எதுக்குடி இப்ப அது?"

"இதே மாதிரி வேற எங்கயாவது இருந்தா?"

"ஏதோ ஒரு தடவ கை தவறியிருக்கும். மனுஷன்தான."

"எனக்குச் செருப்பு இருந்துச்சு. அவங்க வீட்டுல வெறுங்கால்ல நின்னு தொட்டா?"

சித்தப்பா ஒயரைச் சரிசெய்து மூடியைத் திரும்ப மாட்டினார். ஒவ்வொரு திருகாணியையும் தேவைக்கு மேலேயே இறுக்கினார்.

*

ஸ்பேனர் எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது அன்று எங்கே போனார், எது ஓடவில்லை, யார் என்ன சொன்னார்கள் என்று அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்வார். அவருக்கு டைரி என்று ஒன்று இருந்தால் அது அம்மாதான்.

அம்மா தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாத்தியார் வீட்டுல ஃபேன். அன்னிக்கு மழை, குடைய அங்கயே மறந்துட்டு வந்துட்டாரு. அப்புறம் ரொட்டிக் கடையில மாவு பிசையற மெஷின். சட்டையெல்லாம் வெள்ளையா வந்து நின்னாரு, பேய் மாதிரி இருக்கீங்கன்னு சொன்னேன். சலூன்காரர் வீட்டு மோட்டார். தையல்காரம்மாவோட இஸ்திரிப் பெட்டி..."

மகள் கண் பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். ஏழெட்டு மாதத்தில் பதினோரு இடம்.

"போய் என்னன்னு சொல்றது?" என்றார் சித்தப்பா.

அம்மா யோசித்தாள். "அவரு ஞாபகமா, அவரு செஞ்சதையெல்லாம் ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்னு சொல்லுவோம். அதுல பொய் ஒண்ணும் இல்லையே."

மகளுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் வாதாட நேரம் இல்லை. யாரோ எங்கேயோ இந்த நிமிடம் ஈரக் கையோடு ஒரு சுவிட்சை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம்.

*

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தனியாக இருந்தார். அம்மா காரணத்தைச் சொன்னதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பாருங்கம்மா, தாராளமா பாருங்க. எம் பொண்டாட்டிக்குக் கடைசி வருஷம் கை நடுங்கி ஸ்பூன் புடிக்க முடியாம போச்சு. நான் ஊட்டுனா அழுவா. உங்க வீட்டுக்காரரு வந்து ஸ்பூனோட காம்ப வளைச்சு, சைக்கிள் ஹேண்டில்ல போடுற ரப்பர அதுல மாட்டிக் குடுத்தாரு. மூணு மாசம் அவ கையாலயே சாப்பிட்டா. அந்த மூணு மாசத்த வேற யாரும்மா எனக்குக் குடுத்திருப்பா?"

அவர் பேசிக்கொண்டிருக்க, மகள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபேனுக்கு நேர் கீழே அவருடைய கட்டில். தலையணையில் தலை அழுந்திய பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது. சித்தப்பா ஸ்டூலில் ஏறி ஃபேன் தொங்கும் கொக்கியைத் தடவினார்.

"கல்லு மாதிரி இருக்கு" என்றார் சித்தப்பா. "கொக்கி போல்ட்டுல பின் போட்டு, ரெண்டு பக்கமும் மடக்கி விட்டிருக்காரு. எங்க அண்ணன் வேலைன்னா இதான்."

அம்மா முதன்முறையாகச் சிரித்தாள். "நான் சொல்லல?"

மகளுக்கும் பாரம் இறங்கியது. மறந்த குடையை வாத்தியார் எடுத்துக் கொடுத்தார். அம்மா அதை வாங்கிக்கொள்ள, கிளம்பினார்கள். அந்த ஃபேன் வேலை நடந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

ரொட்டிக் கடை வேலை நாலு மாதத்துக்கு முந்தியது. முழங்கை வரை மாவோடு நின்ற முதலாளி, "அவரு கை வச்சா மெஷின் அப்புறம் வாயத் தொறக்காதும்மா" என்றார். மாவு மெஷினின் சுவிட்சுப் பெட்டியைச் சித்தப்பா திறந்தார். டேப் ஒரே ஒரு சுற்று. ஒரு திருகாணி விரலாலேயே சுழன்றது. சித்தப்பா அதை முறுக்கினார். அந்த மெஷினின் மேல் ஒரு தொழிலாளி ஒய்யாரமாகச் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் வீட்டு மோட்டார், மூன்று மாதம். டேப்பே இல்லை. இரண்டு ஒயரையும் வெறுமனே முறுக்கி விட்டிருந்தது. பக்கத்திலேயே துணி துவைக்கிற கல், சுற்றிலும் தண்ணீர். சித்தப்பா பிரித்துக் கட்டி டேப் சுற்றினார். சலூன்காரரின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு இல்லாம தெருவே ஊமையாயிடுச்சுக்கா" என்று அழுதாள். அம்மாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

*

மதியம் ஆகிவிட்டது. டீக்கடை பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மகள் சீட்டை விரித்தாள். ஆறு இடம் முடிந்திருந்தது.

"தேதி வாரியா பாருங்க" என்றாள். "ஏழு மாசம் முன்னாடி சுத்தமா இருக்கு. அஞ்சு மாசத்துல கொஞ்சம் லூஸ். நாலுல இன்னும் லூஸ். மூணுல டேப்பே இல்ல. எங்க கடை போர்டுல எழுத்துப் படிக்கறவங்க மாதிரியே இருக்கு. மேல் வரியெல்லாம் சரியா படிச்சிட்டு, கீழ வர வரத் தடுமாறுற மாதிரி."

"கண்ணு மங்கிடுச்சோ என்னவோ" என்றார் சித்தப்பா, டம்ளரைப் பார்த்தபடி.

"இல்ல. அவரு சாகறதுக்கு ஒரு மாசம் முன்னாடி நான்தான் செக் பண்ணேன். கண்ணு நல்லா இருந்துச்சு." அவள் அம்மாவின் பக்கம் திரும்பினாள். "அப்ப கை."

அம்மா டம்ளரை பெஞ்சில் வைத்தாள்.

"அம்மா. காலைல அப்பாவுக்கு நீ சட்டை பட்டன் போட்டு விடுவ. அறுபது வயசுக்கு மேல இதென்ன கொஞ்சல்னு நான் கூட கேலி பண்ணேன். எப்பலேர்ந்து போட்டு விட ஆரம்பிச்ச?"



"எட்டு மாசமா" என்றாள் அம்மா. "விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சுடி. சர்க்கரையால வரும்னு டாக்டர் மாத்திரை குடுத்தாரு. திருகாணி இறுகுச்சா இல்லையான்னு விரலுக்குத் தெரிய மாட்டேங்குதுன்னு ஒரு நாள் சொன்னாரு. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு. எவ்வளவு அழுத்திப் புடிக்கறோம்னு அவருக்கே தெரியல. எனக்கு வலிச்சுது. நான் வலிக்குதுன்னு சொல்லல."

"வேலைக்குப் போகாதீங்கன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"வாசல்ல யாராவது வந்து 'ஸ்பேனர் அண்ணே'ன்னு கூப்பிட்டா அவரு முகத்துல எப்படி வெளிச்சம் வரும்னு உனக்குத் தெரியாதா? அத அணைக்க எனக்கு மனசு வரல." அம்மாவின் குரல் தாழ்ந்தது. "அவரு போறதுக்குப் பத்து நாள் முன்னாடி கடைசியா சொல்லிட்டேன். போதுங்க, இனிமே எங்கயும் போகாதீங்கன்னு. அன்னிக்கு அவரு சாப்பிடல. அப்புறம் அவரு எங்கயும் போகல. வாக்கிங் மட்டும்தான்."

சித்தப்பா மீதி டீயைத் தரையில் ஊற்றிவிட்டு எழுந்து போய் டம்ளரைக் கழுவிக் கொடுத்தார். கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"இனிமே போற வீட்டுல உண்மைய சொல்லணும்மா" என்றாள் மகள்.

"முடியாது."

"அவங்களே ஜாக்கிரதையா இருப்பாங்கல்ல?"

"அவரு போயி இன்னும் ஒரு மாசம் ஆகல. ஊரே அவர தலையில வச்சுக்கிட்டு ஆடுது. அந்தப் பேர நானே போய் கெடுக்கணுமா? சித்தப்பா சத்தமில்லாம சரி பண்ணிட்டு வரட்டும். செத்தவரு நிம்மதியா இருக்கட்டும்."

மகள் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அம்மாவிடம் அவள் அதற்கு முன் கோபப்பட்டது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

*

தையல்காரம்மா ஒற்றை அறையில் இருந்தாள். பாதி அறை தையல் மெஷின், மீதி பாதி இஸ்திரி மேஜை. மேஜைக்குக் கீழே, அவள் நிற்கும் இடத்தில், ஒரு மரப்பலகை கிடந்தது.

"இது எதுக்கு?" என்றாள் மகள்.

"அதுவா, ஒண்ணுமில்லம்மா. கொஞ்ச நாளா பெட்டியத் தொட்டா சுள்ளுனு இழுக்குது. பலகை மேல நின்னா தெரியல."

சித்தப்பா சட்டென்று பிளக்கைப் பிடுங்கினார்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டது அம்மா.

"ஒரு ஒன்றரை மாசமா இருக்கும்க்கா."

"யாருகிட்டயும் சொல்லலையா?"

"என்னத்த சொல்றது? அண்ணன் செஞ்சு குடுத்தது. அதுல தப்பு இருக்காது. எங் கை ஈரமா இருந்திருக்கும்னு நெனச்சேன்." தையல்காரம்மா லேசாகச் சிரித்தாள். "எம் பொண்ணுதான் பயப்படுவா. காலைல அவ யூனிஃபார்ம அவளே தேய்ச்சுக்குவா. பலகைல ஏறி நின்னுக்கோடின்னு சொல்லிருக்கேன். சில நாள் அவசரத்துல மறந்துடுவா."

சித்தப்பா பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தார். மகள் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அதே பிரிந்த இழைகள்.

அம்மா இஸ்திரி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உங் கை ஈரம் இல்லம்மா" என்றாள் அம்மா. "அவரு கை மரத்துப்போயிருந்துச்சு. ஒயரு சரியா மாட்டல. அவருக்குத் தெரியல. எனக்குத் தெரியும். தெரிஞ்சே அனுப்பினேன்."

தையல்காரம்மா பலகையைப் பார்த்தாள், பிறகு ஆணியில் தொங்கிய மகளின் யூனிஃபார்மைப் பார்த்தாள்.

"இத முன்னாடியே சொல்லிருக்கலாம்லக்கா."

"சொல்லிருக்கலாம்."

"எம் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் அண்ணனத்தான் திட்டிருப்பேன். செத்த மனுஷன திட்டிருப்பேன்." அவள் கண் கலங்கியது. அம்மாவுக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மன்னித்துவிட்டாளா என்று தெரியவில்லை. ஸ்டூல் போட்டாள், அவ்வளவுதான்.

சித்தப்பா பெட்டியைச் சரிசெய்து மூன்று சுற்று டேப் சுற்றினார். கிளம்பும் நேரத்தில்தான் தையல்காரம்மா கேட்டாள்.

"பின்தெருவுலயும் போய் சொல்லிட்டீங்களா?"

"பின்தெருவா?" என்றாள் அம்மா. "அங்க எதுவும் இல்லையே."

"கடைசி வாரம் அண்ணன அங்க ரெண்டு மூணு தடவ பாத்தேனே. சட்டைக்குள்ள ஏதோ துருத்திக்கிட்டு இருந்துச்சு. என்னண்ணே ஒளிச்சுட்டுப் போறீங்கன்னு கேட்டேன். வாக்கிங்னு சொல்லிட்டுச் சிரிச்சாரு."

எழுந்த அம்மா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். வாக்கிங். பத்து நாள். அந்தப் பத்து நாளில் அவர் எங்கெங்கே போனார் என்று அவளிடம் சொல்லவே இல்லை. சொன்னால் தடுப்பாள் என்று சொல்லவில்லை. எட்டு மாதத்திலேயே கை மிக மோசமாக இருந்த பத்து நாள் அதுதான்.

*

"பின்தெருவுக்கு இன்னிக்கு வேணாம் அண்ணி" என்றார் சித்தப்பா. "சீட்டுல இன்னும் நாலு இடம் பாக்கி இருக்கு. அத முடிப்போம்."

"அந்த நாலும் பழசு. இது புதுசு" என்றாள் மகள்.

"எந்த வீடுன்னே தெரியாதே பாப்பா."

"கேட்டாத் தெரியும்" என்றாள் அம்மா.

காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தவர் திடீரென்று ஏன் தயங்குகிறார் என்று மகளுக்குப் புரியவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்குப் பின்தெருவுக்குள் நுழைந்தார்கள். ஒட்டி ஒட்டி வீடுகள். வேலையிலிருந்து வந்தவர்கள் செருப்பை உதறும் நேரம். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மதியம் சொன்ன அம்மா, இப்போது முதல் வீட்டுக் கதவைத் தானே தட்டினாள்.

"எங்க வீட்டுக்காரரு, ஸ்பேனர், உங்க வீட்டுல எதையாவது ரிப்பேர் பண்ணாரா?"

அங்கே இல்லை. இரண்டாவது வீட்டிலும் இல்லை.

மூன்றாவது வீட்டில் பனியனோடு ஒரு ஆள் கதவைத் திறந்தார். பஸ் டிரைவர். காக்கிச் சட்டை நாற்காலியில் கிடந்தது.

"ஆமாம்மா. பாத்ரூம் ஹீட்டர். பாவம், அதுக்கடுத்த வாரமே போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். அருமையா வேலை செய்யுது. இப்பகூட வீட்டுல குளிச்சிட்டுத்தான்..."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அம்மாவுக்கு அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் மெயின் சுவிட்ச் இருந்தது. வாசலுக்கு வெளியே நின்ற சித்தப்பா, "அண்ணி, இருங்க" என்றார். அதற்குள் அம்மா உள்ளே கால் வைத்து, எட்டி, இரண்டு கையாலும் அதைக் கீழே இழுத்துவிட்டாள்.

வீடு இருண்டது.

தண்ணீர் சத்தம் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. வேறு சத்தமே இல்லை. டிரைவர் வாய் பிளந்து நின்றார். மகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தன்னை அறியாமல் எண்ணினாள். ஐந்து வரை வந்துவிட்டாள்.

"யாருங்க கரண்ட அணைச்சது? கண்ணு பூரா சோப்பு" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கத்தினாள்.

அம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தன்னை யாரோ திட்டுவதைக் கேட்டு அவள் இத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

"என்னம்மா இது?" என்று டிரைவர் குரலை உயர்த்தினார். அப்போதுதான் அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறவரைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அட, நீங்களா? ஹீட்டர மாட்டினதே நீங்கதான, என்ன சார் பிரச்சினை?"

மகள் திரும்பினாள். அம்மாவும் திரும்பினாள். சித்தப்பா தலை குனிந்து நின்றார்.

*

தெரு முனைக் குழாயடியில் நின்று அவர் சொன்னார். டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டு, சுவிட்சைத் திரும்பப் போட்டு, எல்லாம் முடிந்திருந்தது.

"கடைசிப் பத்து நாளும் நான்தான் கூடப் போனேன். ஒரு நாள் தியேட்டர் வாசல்ல வந்து நின்னாரு. 'டேய், உன் கைய எனக்குக் கொஞ்சம் கடனா குடுடா'ன்னாரு. ஐம்பது வருஷத்துல எங்கிட்ட அவரு கேட்ட ஒரே பொருள் அது." சித்தப்பா தன் கையைப் பார்த்துக்கொண்டார். "அவரு பக்கத்துல நின்னு சொல்லுவாரு. நான் முறுக்குவேன். நான் சரியா முறுக்கினேனான்னு காத வச்சுக் கேப்பாரு. அண்ணிகிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"எங்கிட்டயும் வாங்கினாரு" என்றாள் அம்மா. "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு."

"எங்கிட்ட மட்டும்தான் வாங்கல" என்றாள் மகள். "ஏன்னா நானாவது வாயத் தொறந்திருப்பேன்."

அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு என்னவோ ஆயிற்று. முகத்தை மூடிக்கொண்டாள்.

"முன்னாடி செஞ்ச வேலையப் பத்தி நீங்க கேக்கலையா சித்தப்பா?"

"கேட்டேன். அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்னாரு. எங்க அண்ணன் சொன்னா நான் நம்பாம இருந்ததில்ல பாப்பா. நேத்து நீ போன் பண்ணப்பதான் என் ரத்தமே உறைஞ்சுது. இந்த இருபத்து நாலு நாள்ல நான் எல்லா வீட்டுக்கும் போய் பாத்திருக்கணும்."

மகள் அவர் தோளைத் தொட்டாள். கோபப்பட நினைத்தாள், முடியவில்லை. அப்பாவுக்குத் தன் கை போய்விட்டது தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகு, பெருமையை விட்டு, தம்பியின் வாசலில் போய் நின்றிருக்கிறார்.

"அப்ப பின்தெரு முழுக்கப் பயமில்ல" என்றாள் அம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பத்து நாளும் உங்க கைதானே. நாளைக்கு அந்தப் பழைய நாலு இடத்தையும் பாத்துட்டா முடிஞ்சுது."

சித்தப்பா குழாயைத் திறந்து மூடினார்.

"தம்பி?"

"வெள்ளிக்கிழமை மட்டும் நான் போகல அண்ணி." அவர் அம்மாவைப் பார்க்காமல் பேசினார். "அவரு சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி. சாயங்காலம் எனக்கு ஷோ இருந்துச்சு. இரு, நாளைக்கு வர்றேன்னு சொன்னேன். அவசரம்னாரு. சின்ன வேலை, இதுக்கு நீ வேணாம்டான்னு சொல்லிட்டு, இதே தெருவுக்குள்ள நடந்து போனாரு. எந்த வீடுன்னு தெரியல."

"கையில என்ன வச்சிருந்தாரு?" என்றாள் மகள்.

"கேஸ் டியூப்" என்றார் சித்தப்பா. "புது டியூப். அரை மீட்டர் இருக்கும்."

மூன்று பேரும் தெருவைத் திரும்பிப் பார்த்தார்கள். விளக்கு போட்டாகிவிட்டது. இரண்டு பக்கமும் சமையலறை ஜன்னல்கள் மஞ்சளாக வரிசையாக நீண்டன. ராத்திரிச் சமையலுக்கு உலை வைக்கிற நேரம். எங்கேயோ ஒரு வீட்டில் லைட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பற்றவில்லை போலிருக்கிறது. மறுபடி தட்டினார்கள்.

அம்மா கக்கத்தில் இடுக்கியிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள்.